தலைவியின் தீனிப்பை மர்மம்

அக்காஆஆ, எங்க தலைவி பிழைச்சுட்டா, கத்தி வரைக்கும் போய்ப் பிழைச்சுட்டா!!!

மன்னிக்கவும், முறையாக ஆரம்பிக்கிறேன். 'வீட்டுக்கோழி' இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அக்காவுக்கு, தங்கள் வீடியோக்கள் அனைத்தையும் இரண்டு முறை பார்த்த வாசகி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் பதினோரு கோழிகளும் நலம்தானே?

செவ்வாய்க்கிழமை எங்கள் ஒரே கோழி தலைவி, கழுத்தை உள்ளே இழுத்து, உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு மூலையில் நின்றாள். தாங்கள் சொல்லிக்கொடுத்தபடி சாயங்காலமே தீனியை எடுத்துவிட்டு, குளியலறையில் தனி வார்டு போட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய பை, எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா இருந்துச்சு! அடைப்பு! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலக்கா. தீனி கட், சொட்டு சொட்டா எண்ணெய், மணிக்கொரு தரம் மசாஜ். அம்மா வாசல்ல நின்னு, "எனக்கு முதுகுவலின்னு ஒரு வாரமா கத்தறேன், திரும்பிப் பாத்தியாடி? கோழிக்கு மசாஜ் பண்றா பாரு!"ன்னாங்க. அப்பா தலைமை ஆசிரியர். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "உங்க பேஷண்ட் எப்பம்மா வெளிய வருவாங்க? ஸ்கூல்ல பெல் அடிச்சிரும்"னு முறைச்சுட்டு, பக்கத்து வீட்டுல போய்க் குளிச்சார். எடை பாக்கணுமேன்னு அவளைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறி, அப்புறம் நான் மட்டும் ஏறி, கழிச்சுப் பாத்தேன். தலைவி ரெண்டு கிலோ. என்னோடது சொல்ல மாட்டேன்.

வியாழன் கெட்டி. வெள்ளி அதைவிடக் கெட்டி. பட்டினி கிடக்கிற கோழிக்குத் தீனிப்பை மட்டும் எப்படிக்கா ரொம்பும்? அழுதுகிட்டே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன், அப்பாதான் வண்டி ஓட்டினார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, "ஒண்ணுமே சாப்பிடாம இப்படின்னா, கிழிச்சுதான் எடுக்கணும்"னு டாக்டர் கத்தியை எடுத்தார்.

"சார், கத்தியைக் கீழ வைங்க!"

அப்பா! முகம் வெளிறிப் போச்சு. "தினமும் காலைல அஞ்சரைக்கு நான்தான் கொஞ்சம்... பிஸ்கட்..."

"கொஞ்சம்னா எவ்ளோ?"ன்னார் டாக்டர்.

"அரை பாக்கெட். கதவைத் திறந்தா மூஞ்சியையே பாக்குதுங்க. எப்படிங்க பட்டினி போடறது?"

முப்பது வருஷமா பிட் அடிக்கிற பசங்களைக் கையும் களவுமா பிடிச்ச மனுஷன்க்கா இவர்! டாக்டர் சிரிச்சு ஓஞ்சு, தலைவியோட இறகை விலக்கிக் காட்டினார். உள்ளே புது இறகு குச்சி குச்சியா முளைச்சிருந்துச்சு. "இறகு மாத்துறா. அப்ப கொஞ்சம் சோர்வாதான் இருப்பா. நல்லா தீனி போடு, வீடியோ பாக்கறதைக் குறை." (கோச்சுக்காதீங்கக்கா, அவர் சொன்னதைத்தான் சொல்றேன்.)

ஆகவே, இனிமேல் நானாக எந்த நோயையும் கண்டுபிடிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். தங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கள் கோழிகளுக்கு நிறைய முட்டையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தலைவி ரசிகர் மன்றம்
(உறுப்பினர்கள்: நான், வெள்ளிக்கிழமையிலிருந்து அப்பா)

பி.கு.: டாக்டருக்கு நன்றி சொல்லப் போன அப்பா, "தலைவிக்குத் துணை வேணாமா?"ன்னு இன்னொரு கோழியோட வந்து நிக்கறார். அது ஒரே ஒரு கால்ல நிக்குதுக்கா! அப்பா அதுக்கு எதிர்ல தரையில உக்காந்து, "இன்னொரு காலையும் வைம்மா"ன்னு கெஞ்சிக்கிட்டிருக்கார். இது என்ன நோய்னு தெரிஞ்சவங்க உடனே பதில் போடுங்க, எல்லா குரூப்லயும் ஷேர் பண்ணுங்க, ப்ளீஸ், நான் குளியலறையை ரெடி பண்ணிட்டேன்!