மருந்துக்கடைக்காரரின் முழங்கால்

மேல் தட்டில் இருந்த இருமல் மருந்தை எடுக்க ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்த மருந்துக்கடைக்காரர், அங்கேயே நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. வலது முழங்காலுக்குள் யாரோ திருகாணி போட்டு முடுக்குவது போல இருந்தது.

"என்ன சார், மருந்து இல்லையா?" என்றார் கீழே நின்ற தையல்காரம்மா.

"இருக்கு. காலாவதி தேதி பார்க்கிறேன்."

"பாட்டிலையே இன்னும் எடுக்கலையே?"

"தூரத்துல இருந்தே பார்ப்பேன். அதான் அனுபவம்."

கல்லாவில் இருந்த மனைவி எழுந்து வந்து, இடுப்பைப் பிடித்து அவரை இறக்கிவிட்டாள்.

"ஏணி ஆடுது" என்று அவர் தையல்காரம்மாவுக்கு விளக்கம் சொன்னார். சுவரோடு சேர்த்து ஆணியடித்த ஏணி அது.

மற்றவர்களுக்கு முழங்கால் வலித்தால் வலியோடு போயிற்று. இவருக்கு வலித்தால் மானமும் சேர்ந்து போகும். அந்தத் தெருவில் யாருக்கு எந்த மூட்டு வலித்தாலும், எப்போதிலிருந்து என்றுகூடக் கேட்காமல் "வைட்டமின் குறைவு" என்று தீர்ப்பு சொல்லி, மஞ்சள் மாத்திரைப் பட்டை ஒன்றைத் தள்ளுபவர் அவர். அத்தோடு விட்டாலாவது பரவாயில்லை. தினமும் கடை திறந்ததும், நாலு பேர் பார்க்கும்படியாக, கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாக வீற்றிருக்கும் பெரிய ஜாடியைத் திறப்பார். பொன்னெழுத்து ஒட்டிய ஜாடி. மாத்திரைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்து வைத்தது. அதிலிருந்து மஞ்சளாக ஒன்றை எடுத்து, அண்ணாந்து வாய்க்குள் எறிந்து, தண்ணீரோடு ஒரே மடக்கில் விழுங்குவார்.

"பட்டையைப் பிய்ச்சுப் போட்டா நோயாளி மாதிரி இருக்கும். ஜாடியைத் திறந்து போட்டா ராஜா மாதிரி இருக்கும்" என்பார்.

ஜாடியைச் சுற்றி எந்நேரமும் எறும்பு ஊரும். அதையும் அவர் வீணாக்கியதில்லை. "பாருங்க, எது சத்துன்னு எறும்புக்குக்கூடத் தெரியுது. மனுஷனுக்குத்தான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு."

இப்படிப்பட்டவருக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேடயம் கொடுக்கப்போகிறது. கடை வாசலிலேயே மேடை. 'மூட்டு வலி இல்லாத தெரு' என்று பேனர்கூட அடித்தாகிவிட்டது. சுற்று வட்டாரத்துக்கெல்லாம் இனி அவர்தான் மொத்த விநியோகஸ்தர் என்று அன்றைக்கு அறிவிப்பார்கள். அப்படியிருக்க, மேடைப் படியில் கால் வைத்து "ஐயோ" என்றால் என்ன ஆகும்?

"பேசாம டாக்டரைப் பாருங்க" என்றாள் மனைவி. "ஒருவேளை உங்களுக்கும் வைட்டமின்..."

"அதைத் தவிர எது வேணாலும் சொல்லு. ரெண்டு வருஷமா ஒரு நாள் விடாம போடறவன் நான்."

வைட்டமினை இப்படிக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கிவிட்டு, மீதி உலகத்தையெல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

முதல் சந்தேகம் ஸ்டூல் மீது. உயரம் அதிகம் என்று அதன் கால்களை அறுத்தார். உட்கார்ந்தபோது முழங்கால் தாடையைத் தொட்டது. எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்து செருப்பு. தடித்த அடியுள்ள ஷூவுக்கு மாறினார். வலி கணுக்காலுக்கும் பரவியது. மெத்தைதான் துரோகி என்று தரையில் படுத்தார். காலையில் முதுகு தரையோடு ஒட்டிக்கொண்டது. மனைவி அவரைப் பாய் சுருட்டுவது போலப் புரட்டித்தான் எழுப்பினாள்.

"இன்னும் என்ன பாக்கி? வீட்டை இடிச்சுப் பார்க்கலாமா?" என்றாள்.

அவர் காதில் விழவில்லை. தரை சரிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டு, அதன் பின்னாலேயே தவழ்ந்துகொண்டிருந்தார். குண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. எடுக்கப் போனவரின் முழங்கால் மடங்கினபடியே பிடித்துக்கொண்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஜாடியிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விழுங்கினார். வலி அசையவில்லை.

எதிர்ச் சாரியிலேயே டாக்டர் இருந்தார். ஆனால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் தெருவே பார்க்கும். ஆகவே முகக்கவசமும் குல்லாயும் மாட்டிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பெண் டாக்டரிடம் போனார்.

"மூட்டு வலிக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம்" என்றார் டாக்டர். "வைட்டமின் குறைவும் அதுல ஒண்ணு. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

"அதை மட்டும் பார்க்காதீங்க, வீண் வேலை."

டாக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார். மறுநாள் முடிவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கு. வெயில் பக்கமே போறதில்லையா?"

"கடைக்குள்ளயேதான் இருக்கேன். ஆனா ரெண்டு வருஷமா தினம் மாத்திரை போடறேன் டாக்டர்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காணக் கிடைக்காத ஜந்துவைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். "தினமுமா? அப்படின்னா உங்க குடல் சத்தை உறிஞ்சலையோ என்னமோ. வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்க வேண்டி வரலாம்."

குழாய் என்றதும் அவருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். என் குடலுக்கு என்ன கேடு? கல்லைத் தின்றாலும் செரிக்கிற குடல். கோளாறு குடலில் இல்லை என்றால்... மாத்திரையில்! கம்பெனி இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறது! வீடு வரும்வரை அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் வலிகூட மறந்துவிட்டது.

"இத பாருங்க, எதுவா இருந்தாலும் அந்தப் பிரதிநிதிகிட்ட முதல்ல கேட்டுட்டு..." என்றாள் மனைவி.

"திருடன்கிட்டயே போய் விசாரிக்கச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் மேடைப் படிகளில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி ஏறினார். கேடயத்தை நீட்டிய கம்பெனி மேலாளரை ஒரு கையால் தடுத்து, மறு கையால் மைக்கைப் பிடித்தார்.

"மக்களே! எனக்கு முழங்கால் வலி. ஆமா, எனக்குத்தான்! ஏன்னா இந்த மாத்திரை போலி!"

மேலாளரின் கையிலிருந்த கேடயம் தானாகத் தாழ்ந்தது.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்தார். "என்ன சார் இது? எனக்கு இந்த மாத்திரை நல்லாக் கேட்டுச்சே! இப்ப மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டறேன்."

"எனக்கும்தான்" என்றார் தையல்காரம்மா. "மிஷின் மிதிக்கிறப்ப இப்பல்லாம் வலியே இல்ல."

"அதெல்லாம் பிரமை!" என்று முழங்கினார் மருந்துக்கடைக்காரர். "மாத்திரைன்னு நெனச்சு எதைக் குடுத்தாலும் சில பேருக்குச் சரியாயிடும். என்னை மாதிரி விவரம் தெரிஞ்ச உடம்பை ஏமாத்த முடியுமா? ஏம்மா, அந்த ஜாடியைக் கொண்டா!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டே ஜாடியைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். கூடவே வரிசையாக எறும்புகளும் வந்தன. அவர் மூடியைத் திறந்து, மஞ்சளாக ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"ரெண்டு வருஷம்! தினமும், இதோ இந்த ஜாடியில இருந்துதான் விழுங்கினேன். ஒரு நாளாவது பட்டையைத் தொட்டிருப்பேனா? ரத்தத்துல சத்து ஒரு துளிகூட ஏறலை! இதுக்குக் கம்பெனி என்ன பதில் சொல்லுது?"

மேலாளர் திரும்பி, மேடை ஓரத்தில் நின்ற பிரதிநிதியை முறைத்தார். பிரதிநிதி வெளிறிப்போன முகத்தோடு ஓடிவந்து, மருந்துக்கடைக்காரரின் காதருகே குனிந்தான். மைக் இடையில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"சார், அது அழகுக்கு வைக்கிற ஜாடி, உள்ள இருக்கிறது வெறும் சர்க்கரை உருண்டைன்னு வச்ச அன்னிக்கே சொன்னேனே... குறையுறப்பல்லாம் எறும்புதான் தின்னுதுன்னு நெனச்சு நிரப்பிட்டுப் போனேன்!"