எண்ணெய்த்தாளில் விழுந்த சாபம்

செங்கல் சூளைக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கே மந்திரவாதி எண்ணெய்த்தாள் ஐயாவின் வாசலில் நூறு பேர் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண்ணெய்த்தாள். கக்கத்தில் ஒரு கோழி.

தாள் சாபத்தைக் காட்டும். கோழி சாபத்தைத் தீர்க்கும். கோழி எங்கே போய்த் தீர்க்கிறது என்பது ஐயாவின் வயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

முறை சுலபம். ஐயா கொடுக்கும் எண்ணெய் தடவிய தாளை இரவில் படுக்கைக்கு மேலே தொங்கவிட வேண்டும். விடிந்து பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள். "சாபத்தோட காலடி!" என்பார். அவர் தாளில் மட்டும் புள்ளியே விழாது. அதற்குச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார். சாபம் அவரைக் கண்டால் நடுங்குமாம்.

வரிசையில் செங்கல் அறுக்கும் பெண் ஒருத்தி. தோளில் எட்டு வயது மகள். மூன்று வாரமாகக் காய்ச்சல். கைகால் குச்சி, இடப்பக்க வயிறு மட்டும் வீக்கம்.

"சுகாதார நிலையத்து அக்கா ரத்தம் எடுக்கணும்னு சொல்றாங்கய்யா..."

"ஊசி குத்தினா சாபம் உள்ளேயே தங்கிடும். புள்ள வேணுமா, ஊசி வேணுமா?"

"நான் ஒரு தடவை தாளைப் பார்க்கலாமா?" பின்னாலிருந்து குரல். ரத்தப் பரிசோதனை செய்யும் அந்த அக்காவேதான். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் தாயின் தாள் மேல் பிடித்தாள்.

"என்னய்யா, உங்க சாபத்துக்கு ரெக்கை முளைச்சிருக்கு?"

கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இது மணல் ஈ. கொசுவுல கால்வாசிதான் இருக்கும். பகல்ல சுவர் வெடிப்புல ஒளிஞ்சிருந்து, ராத்திரி சத்தமே இல்லாம கடிக்கும். வாரக்கணக்கா காய்ச்சலடிச்சு, இடப்பக்க மண்ணீரலை வீங்க வைக்கிற கருங்காய்ச்சலைப் பரப்புறது இதுதான்."

"அப்போ என் தாள் ஏன் சுத்தமா இருக்கு?" ஐயா மடக்கினார்.

"அதானே!" என்றது கூட்டம். எதற்கும் அதானே சொல்லும் கூட்டம்.

அக்கா ஐயாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலைச் சுற்றி நெருக்கமாக நெய்த வலை.

"அருமையான வலை! இன்னைக்கு ஒருநாள் நீங்க வெளியில படுங்க. வலைக்குள்ள மூலையில கிடக்கிற அந்தத் துடைப்பம் படுக்கட்டும். ரெண்டு பேர் தலைமாட்டுலயும் தாள்."

"சாபத்தோட விளையாடாதே!"

தாய்க்காரி முன்னால் வந்தாள். "படுங்கய்யா. உங்களைக் கண்டாத்தான் அது நடுங்குமே? தாள் சுத்தமா இருந்தா எம் மகளை உங்ககிட்டயே விட்டுடுறேன். புள்ளி விழுந்தா ஊசிதான்."

நூறு ஜோடிக் கண்கள். ஐயா மாட்டிக்கொண்டார். அவர் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சூளைக் காவலாளிகள் இருவர் வாசலில் பக்கத்திலேயே பாய் போட்டார்கள்.

விடிந்தது. ஐயா காதைச் சொறிந்தார். கன்னத்தைச் சொறிந்தார். அவர் தாளில் கடுகு கொட்டியது போல் புள்ளிகள். துடைப்பத்தின் தாள் பளிச்!

"அப்படின்னா நம்ம ஐயாவை விடத் துடைப்பத்துக்குச் சக்தி ஜாஸ்தி!" என்றது கூட்டம்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஐயா கம்பி நீட்டினார். தாய் அந்தச் சிரிப்புக்கெல்லாம் நிற்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடியிருந்தாள். பரிசோதனையில் கருங்காய்ச்சல் உறுதியானது. மருந்து ஏறியது. சில நாளில் சிறுமி வாயைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றாள்.

தேறிய மகளோடு தாய் திரும்பியபோது ஐயா வீட்டு வாசலில் மறுபடியும் வரிசை. சட்டத்தைக் கழற்றிவிட்டு அங்கே துடைப்பத்தை மாட்டியிருந்தார்கள். துடைப்பத்துக்கு மாலை! வரிசையில் நின்றவர்கள் கக்கத்தில் கோழி!

அவள் மாலையைப் பிய்த்தெறிந்தாள். குழைத்த மண் சட்டியைத் தூக்கி வந்து முதல் ஆளின் கூப்பிய கைகளில் திணித்தாள்.

"கும்பிட்டது போதும், சுவர் வெடிப்பை அடைங்க. அடுத்த ஐயா வர்றதுக்குள்ள கொஞ்சம் யோசிக்கவும் பழகுங்க!"