மூன்று நட்சத்திரம் தேடிக் குழந்தைவேல் கொட்டச்சேடு புகுந்த படலம்

சேர்வராயன் மலைகளே, நீங்கள் முகிலைப் போர்த்திக்கொண்டு உறங்குங்கள். மிளகுக்கொடி சுமந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களே, நீங்கள் மட்டும் கேளுங்கள். மாரமங்கலத்தில் பிறந்து, ஏற்காட்டு டவுனில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராகி, சாவிக்கொத்தே செங்கோலாக, பிளாஸ்டிக் நாற்காலியே அரியணையாக வீற்றிருந்த பெருந்தகை, அட்வான்ஸ் வாங்குவதில் அஞ்சாநெஞ்சன், அதைத் திருப்பிக் கொடுப்பதில் ஆழ்ந்த மௌனி, குழந்தைவேல் என்னும் மாவீரனின் பெரும்போரை இங்கே சொல்லப் புகுந்தோம்.

கோடை விழா நெருங்கிய ஒரு மாலையில் விண்ணதிர இடித்தது. மின்கம்பி வழியே வந்திறங்கிய மின்னல், அறைப் பதிவுகளையெல்லாம் வயிற்றில் அடக்கியிருந்த லாட்ஜ் கம்ப்யூட்டரைத் தாக்கிற்று. பழுது பார்ப்பவர் வந்து, மூடியைக் கழற்றி, மோந்து பார்த்து, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்றே மாண்டது, புதிதாக வாங்கி மாட்டினால் மற்றவை பிழைக்கும் என்று கூறிப் போனார்.

இச்செய்தி கொண்டை ஊசி வளைவுகளை நொடியில் கடந்து, சேலத்தில் வாழும் லாட்ஜ் உரிமையாளர் காமாட்சி அம்மையாரின் காதில் விழுந்தது. போனில் எழுந்தது அரசாணை:

"குழந்தைவேலு, சனிக்கெழம கூட்டம் வாரப்ப கம்ப்யூட்டர் ஓடலீன்னா, உன்ற நாற்காலியில எம்பட மருமகன் கார்த்திக்க உக்கார வெச்சிருவேன் சாமி. பாத்துக்க."

அரியணை ஆடியது. வீரன் செல்போனை வாளென உருவி, இணையக் கடை என்னும் போர்க்களத்துள் பாய்ந்தான். அங்கே ஐந்து நட்சத்திரக் கொடி பிடித்த சேனை அலையலையாய் எதிர்கொண்டது. அருமையான பொருள் என்றான் ஒருவன். விலைக்கேற்ற தரம் என்றான் வேறொருவன். என் மனைவிக்கும் மிகவும் பிடித்தது என்று எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் போற்றினான் மூன்றாமவன். வேறு யாராயிருந்தாலும் மயங்கியிருப்பார்கள். குழந்தைவேல் மயங்கவில்லை. ஏனெனில் தன் லாட்ஜுக்கு வந்து மகிழ்ந்த பெங்களூர்த் தம்பதியாகவும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகவும், குடும்பத்தோடு வந்து சொர்க்கத்தைக் கண்ட கோவை வியாபாரியாகவும் பல அவதாரம் எடுத்து, ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைப் பொழிந்தவன் அவனே. சமையல்காரனுக்குச் சாம்பாரில் என்ன போட்டார்கள் என்று தெரியாதா?

ஆகவே ஒற்றை நட்சத்திரப் படையை நோக்கித் திரும்பினான். படுமோசம், ஏமாற்று வேலை, டெலிவரி கொண்டுவந்தவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அங்கே ஒப்பாரி ஓங்கியது. அதையும் அவன் நம்பவில்லை. எதிர் லாட்ஜைப் பற்றி மனமுடைந்த பயணியாக ஒருமுறை அழுதிருந்தவனும் அவனே. புகழும் பொய், வசையும் பொய் என்றால் மனிதன் எதைத்தான் வாங்குவது? வீரனுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் இருபெரும் சேனைகளுக்கு நடுவே தனியாய் நின்ற ஒரு மூன்று நட்சத்திரம் கண்ணில் பட்டது. 'ஓடுது. ஃபேன் சத்தம் ஜாஸ்தி. கரண்ட் ஏறி எறங்கினாலும் தாங்குது. வெண்ணிலா, எஸ்டேட் ஆபீஸ், கொட்டச்சேடு.'

குழந்தைவேல் சிலிர்த்தான். காசு வாங்கியவர் மூன்று போட மாட்டார், பகை கொண்டவரும் மூன்று போட மாட்டார். தன் அவதாரங்களில் ஒருவர்கூட மூன்று போட்டதில்லை. ஆனாலும் முழுதாய் நம்ப மனம் வராமல், பைக் என்னும் புரவியேறி, நடுச்சாலையில் செல்ஃபி எடுத்த சுற்றுலாப் படைகளை ஹாரனால் சிதறடித்து, பனியைக் கிழித்துக் காப்பித் தோட்டங்களினூடே கொட்டச்சேடு புகுந்தான்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் வெண்ணிலா, கம்ப்யூட்டரிலிருந்து தலை தூக்கினாள். மேசைக்கடியில் பெட்டி வண்டுபோல் ரீங்கரித்தது. எழுதியபடியே சத்தம், எழுதியபடியே ஓட்டம்.

"ஏனுங்க, ரிவ்யூ நெசமான்னு பாக்கவா இத்தன தூரம் வந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். "நீங்க செஞ்சதுதானுங்க சரி. எங்கக்கா ஈரோட்டுலருந்து வந்தப்ப, டவுன்ல ஒரு லாட்ஜ எல்லாரும் சொர்க்கம்னு எழுதியிருந்தாங்கன்னு நம்பிப் போச்சுங்க. கொழாயில சுடுதண்ணியே வரலீங்க. கொழந்தையப் பச்சத்தண்ணியில குளிப்பாட்டி, நொம்பக் காய்ச்சலு. கோயமுத்தூர் ஏவாரி ஒருத்தரு, சுடுதண்ணி அருவியாட்டம் கொட்டுதுன்னு எழுதியிருந்தாருங்க. அந்த மனுசனுக்கு மட்டும் எப்படிக் கொட்டுச்சோ."

கோவை வியாபாரி குனிந்து மேசைக்கடியில் இருந்த பெட்டியை ஆராயத் தொடங்கினார்.

"நீங்க எந்த லாட்ஜுங்க?"

"டவுன்லதானுங்க," என்றான் அஞ்சாநெஞ்சன். வெட்கம் காதுவரை ஏறிற்று. காய்ச்சல் சரியாச்சா என்று மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டான்.

அங்கேயே ஆர்டர் போட்டான். வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது, மாட்டினார்கள், வெண்ணிலா சொன்ன அதே இரைச்சலோடு கம்ப்யூட்டர் உயிர்த்தெழுந்தது. கார்த்திக்கின் முடிசூட்டு விழா நின்றுபோனது. வெற்றித் திருமகள் மாலையோடு வாசலில் நிற்க, சேர்வராயன் முகடுகள் பனிக்கொடி வீச, அறைகளெல்லாம் நிரம்பக் காத்திருக்க, விழாக்காலப் புதுப் புகழுரை ஒன்று படைக்கச் செல்போனைக் கையிலேந்திய மாவீரன் குழந்தைவேல், அதை எழுதாமலே, பிளம்பருக்குப் போன் போட்டான்.