ஓதியது சரீபா இல்லை

கல்முனைக்குடி.
எழுதத் தொடங்கியது: 5.3.1982 வெள்ளி
எழுதி முடித்தது: 16.3.1982 செவ்வாய்

அன்பும் மரியாதையும் உள்ள மருமகன் றஸாக் அவர்களுக்கு மாமா அச்சிமுகம்மது எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் சுகம். சவூதியில் அந்தத் தமாம் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறோம். கேட்க வேண்டிய சுகமெல்லாம் கேட்டாயிற்று. இனி இந்த எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் மகன். இது கடிதம் எழுதிக் கொடுக்கிற கச்சிமுகம்மதின் கை இல்லை. என் கை. அறுபத்தாறு வயதுவரை பெருவிரலை மையில் தோய்த்த அதே கை. இப்போது நான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். போன கிழமை பஸ்ஸின் நெற்றியில் அக்கரைப்பற்று என்று இருந்ததை வாசித்துவிட்டு ஏறினேன், கொண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடைசியில் அது அக்கரைப்பற்றுக்கே போனது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

நானே எழுதுவதற்குக் காரணம் உண்டு. தபால் கந்தோர் வாசலில் மேசை போட்டிருக்கும் கச்சிமுகம்மது நல்ல மனிதர்தான். ஆனால் எழுதி முடித்ததும் "சரியா எண்டு கேளுங்க காக்கா" என்று எழும்பி நின்று வாசிப்பார். ஐஸ் பழம் விற்கிறவர் மணியை நிறுத்திவிட்டுக் கேட்பார். இந்தக் கடிதத்தில் இருப்பது அப்படி வாசிக்கக் கூடியது இல்லை. மூன்று நாளாக வேறு விஷயமே எழுதிக்கொண்டிருந்தேன், பயத்தில். இனி எழுதிவிடுகிறேன். மருமகன், நீங்கள் கேட்ட அந்தக் கசெட்டில் ஓதியது சரீபா இல்லை.

அது பக்கத்து வீட்டு அபுல் ஹஸனின் மகள். நீங்கள் குரல் பிடிக்கிற பெட்டியையும் கசெட்டையும் அனுப்பி, பிள்ளையின் குரலைப் பிடித்து அனுப்புங்கள் என்று எழுதியபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. சூறாவளி கூரையைக் கொண்டுபோன அடுத்த வருஷம் நீங்கள் போகும்போது சரீபாவுக்கு இரண்டு வயது. பிந்திப் பேசும் பிள்ளை என்று எல்லோரும் சொன்னோம். இப்போது ஐந்து. இன்னும் ஒரு சொல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நெல்லுக் குத்தும் மில் ஓடத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். வெறும் சோறு மட்டும்தான் தின்பாள், ஒரு பருக்கையில் கறி ஆணம் பட்டால் கோப்பை சுவரில். ஓதிப் பார்த்தோம், நூல் கட்டினோம், பரிசாரி ஒரு எண்ணெய் தந்தார், அந்த மணத்துக்கு நானே வீட்டை விட்டு ஓடினேன். இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டாம் என்று என் மகள் றாஹிலாவைத் தடுத்தது நான்தான். "அவர் அங்க தனிய நிக்கிறார் புள்ள, செல்லி என்னத்துக்கு நோகப் பண்ற? எனக்குச் சத்தியம் பண்ணு" என்றேன். பிறகு அபுல் ஹஸனின் மகளை மூன்று டொபி கொடுத்துக் கூட்டிவந்து பெட்டிக்கு முன்னால் இருத்தினேன். அவள் அழகாகக் குர்ஆன் ஓதினாள். ஓதி முடித்ததும் "டொபி எங்க மூத்தாப்பா?" என்று கேட்கத் தொடங்கினாள், நல்லவேளை அதற்குள் அவளுடைய வாயைப் பொத்திவிட்டேன்.

அதற்கு நீங்கள் எனக்கு எழுதிய பதிலை, றாஹிலாவிடம் கொடுக்கப் பயந்து கச்சிமுகம்மதிடம் கொண்டுபோனேன், அவர் வாசித்துக் காட்டினார். கூட இருப்பவர்களுக்கெல்லாம் கசெட்டைப் போட்டுக் காட்டியதாகவும், பிள்ளை இப்படி ஓதுகிறாள் என்றால் இனி ஒரு கவலையும் இல்லை, ஏப்ரல் முடிவில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகவும் இருந்தது. உங்களை அங்கே பிடித்து வைத்திருப்பது என் பொய். அடுத்ததாகக் குர்ஆனில் யாசீனை ஓதி அனுப்பச் சொல்லியும் கேட்டிருந்தீர்கள்.

பொய்யைத் திருத்த வேண்டியவன் என்ன செய்தேன்? இன்னொரு பிள்ளையைத் தேடிப் போனேன். அபுல் ஹஸனின் மகளுக்கு அப்போது சளி, தவளை மாதிரிக் குரல். பாலமுனையில் சுபைறா என்ற ஒரு பெண்ணின் மூத்த மகள் நன்றாக ஓதுவாள் என்று கேள்விப்பட்டு, பெட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனேன். மூத்த மகள் வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினாள். பொத்தானை அமத்தினேன். உள் அறையிலிருந்து தொம் தொம் என்று சத்தம். சுபைறா பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினாள். "ஆடுதான் காக்கா, ஆடு" என்றாள். ஆட்டின் சத்தம் எனக்குத் தெரியாதா? கதவு இடுக்கில் பார்த்தேன். நாலு வயதுப் பிள்ளை ஒன்று சுவரில் முதுகை இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கட சரீபாவும் இப்படித்தான் மகள்" என்றேன். சுபைறா நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். "இன்னொண்டு இரிக்கா? நெசமாவா? எங்கட ஊட்டுல மட்டும்தான் எண்டு நினைச்சன்" என்று அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எனக்குத் தேத்தண்ணி தந்தாள், சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டு. குடித்தேன். பெட்டியை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சுபைறா பெட்டியைக் கொண்டுவந்தாள். கூடவே அந்த ஆடுகிற பிள்ளையையும், மீன் விற்கிற சீதேவியையும் அவளுடைய மகனையும். அவனுக்குப் பதினொரு வயது, அடுத்த நாள் என்ன கிழமை என்று கேட்டால் பத்து வருஷத்துக்கும் சொல்வான், ஆனால் சாரன் உடுக்கத் தெரியாது. அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் வீட்டு முன் அறையில் பாய் விரிக்கிறோம். இப்போது ஆறு தாய்மார். ஒருவர் பிள்ளைகளைப் பார்ப்பார், மற்றவர்கள் கதைப்பார்கள். முதல் நாள் றாஹிலா ஆறுதலாக முழுகினாள், தலையைக் காயவைத்தாள், பாயின் ஓரத்தில் படுத்து பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை நித்திரை கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் பகலில் படுத்ததை நான் காணவில்லை. சீதேவி ஈ விசிறிக்கொண்டு இருந்தாள். மில் ஓடும்போது காதில் வைக்கப் பஞ்சை எண்ணெயில் தோய்க்க வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். பரிசாரி சொன்னதைவிட நல்ல மருந்து.

பெண்கள் கூட்டம் என்பதால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து இருப்பேன். அப்படித்தான் எழுத்து வந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படிக்கிற சுஹறா என்ற பிள்ளை, சுபைறாவின் மச்சாளின் மகள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள். இது பேயும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை, சில பிள்ளைகள் பிறப்பிலேயே இப்படி, இங்கிலீசில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றாள். சரீபாவுக்கு என்று எழுத்து அட்டைகள் கொண்டுவந்தாள். சரீபா அவற்றைச் சுஹறாவின் கையிலிருந்து எடுத்து எனக்கு முன்னால் வரிசையாக அடுக்குவாள். ஒன்றைக் கலைத்தால் ஊரே கேட்கும். நான் அசையாமல் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பின்னால் சுஹறா "இது ம, இது மா" என்று ஒருவரும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு மாதத்தில் நான் திரும்பாமலே "மாடு" என்றேன். சுஹறா, "மாஷா அல்லாஹ்! ஆர் அது?" என்றாள். எல்லோரும் சரீபாவைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கணம் நானும் சரீபாவைத்தான் பார்த்தேன். அவள் ஒருநாள் மூத்தாப்பா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? இப்போது அல்லாஹ்விடம் அதைக் கேட்பதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். அட்டை அடுக்கும்போது என் பெருவிரலில் சாய்ந்துகொள்கிறாள். அது போதும் என்று எழுதினேன், அழித்தேன், திரும்பவும் எழுதுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் விட்டுப்போன இரண்டு சாரனையும் றாஹிலா மாதத்துக்கு ஒருமுறை தோய்த்துக் கொடியில் போடுவாள். ஒருவரும் உடுக்காத சாரனில் என்ன ஊத்தை இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. அது காயும் மட்டும் சரீபா அதற்குள் போய் நிற்பாள். காற்றுக்குத் துணி முகத்தில் மோதும், அவள் அசையமாட்டாள். உலர்ந்த பிறகும் றாஹிலா எடுக்க மாட்டாள்.

ஆகவே மருமகன், ஏப்ரலில் கையெழுத்து வைக்க வேண்டாம். பொய் சொன்னது நான். கோபம் எல்லாம் என்னோடு இருக்கட்டும். ஓதாத, கூப்பிடாத, வெறும் சோறு தின்கிற இந்தப் பிள்ளைதான் உங்கள் பிள்ளை. வந்து பாருங்கள்.

வல்ல நாயன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும், எனக்குக் கொஞ்சம் மன்னிப்பும் தருவானாக. கூட வேலை செய்கிறவர்களுக்கும் சலாம் சொல்லுங்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறது, பேனையை வைக்கிறேன்.

இப்படிக்கு,
பாசமுள்ள மாமா,
அச்சிமுகம்மது
(சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு, 17ஆம் திகதி: மேலே உள்ள எதையும் வாசிக்க வேண்டாம். பிழை பார்க்கச் சொல்லி றாஹிலாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "வாப்பா, அந்தக் கசெட்ட அனுப்பின கிழமையே அவருக்கு எல்லாம் எழுதிட்டன்" என்றாள். "எனக்குச் சத்தியம் பண்ணினியே?" என்றேன். "எங்க பண்ணின? தலையத்தான் ஆட்டின" என்றாள். கவலை இல்லை என்று நீங்கள் எனக்கு எழுதியது இந்தக் கிழவனின் மனம் நோகக்கூடாது என்பதற்காம். கடிதத்தைக் கிழிப்போம் என்று பார்த்தேன், பன்னிரண்டு நாள் வேலை, கை வரவில்லை. ஓதல் முடிந்த பிறகு நான் பெட்டியை நிறுத்தத் தெரியாமல் விட்ட இடத்தில், மூலையில் இருந்த சரீபா தரையில் விரலால் தட்டுகிற சத்தம் கேட்கிறதாமே. அந்தத் துண்டை மட்டும்தான் போட்டுப் போட்டுக் கேட்கிறீர்களாமே. அவளுக்கு நீங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தையும் எடுத்து வாசித்துக் காட்டினாள். அதில் நீங்கள், ஊருக்கு வந்தால் பிள்ளைக்கு என்னை யார் என்று தெரியாது, எனக்கும் அவளோடு என்ன செய்வதென்று தெரியாது, அதற்குப் பயந்துதான் இங்கே நிற்கிறேன், அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வாப்பாமாரும் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அவள் இன்னும் பதில் போடவில்லையாம், என்ன எழுதுவதென்று தெரியவில்லையாம். நான் இன்று காலையில் சீதேவியிடம் கேட்டேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "வரச் சொல்லுங்க காக்கா. தெரியாட்டி என்ன? எங்களுக்கு மட்டும் தெரிஞ்சிட்டா வந்த நாங்க?"