வண்டிக்குப் பின்னால் ஒருத்தி

அந்த இலையுதிர் காலத்தில் அத்தேயோ ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அத்தேயோ. வழிமொழிந்தவர் அத்தேயோ. ஏகமனதாக நிறைவேறியது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் கப்பல் ஏறி, சார்தீனியாத் தீவைச் சுற்றிவிட்டு, மறுபடி லிவோர்னோவில் வந்து இறங்கும் வரை, படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டு வேனின் ஸ்டியரிங்கை அவரைத் தவிர வேறு எந்தக் கையும் தொடக் கூடாது.

வேறு எந்தக் கையும் என்றால் மனைவி ஒர்னெல்லாவின் கை. வேனில் இருந்தது மொத்தம் நான்கு கைகள்தான்.

பதினொரு வருடமாக இப்படித்தான். கோடைக் கூட்டம் கலைந்து, கடலோரத்துக் கூடாரத் திடல்களுக்குப் பூட்டுப் போட்டதும் இவர்கள் கிளம்புவார்கள். ஒர்னெல்லா கடல் கேட்பாள். அவர் ஸ்பெயினில் மூடிய சுரங்கம் காட்டினார். கிரீஸில் இடிந்த புகையிலைக் கிடங்கு காட்டினார். குரோவேஷியாவில் சிறைத்தீவு காட்டினார். மத்தியதரைக் கடலை அவள் பெரும்பாலும் பார்த்தது வேன் ஜன்னல் வழியாக, எழுபது கிலோமீட்டர் வேகத்தில்.

அத்தேயோவுக்கு வயது எழுபத்தொன்று. பாதிரியாரை வெறுப்பேற்றுவதற்கென்றே அப்பா வைத்த பெயர் அது. நாத்திகன் என்று அர்த்தம். நாற்பது வருடம் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். அதில் முப்பது வருடம் செங்கொடி ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார். இப்போது தொழிற்சங்கக் கட்டிடம் உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டது. அவர் நின்று முழங்கிய மேடையில் இளைஞர்கள் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கூட நின்று கோஷம் போட்டவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். மீதிப்பேர் மேலாளர் ஆனார்கள். முன்வரிசை என்று அவருக்கு மிஞ்சியது அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான்.

ஒர்னெல்லா இருபத்தெட்டு வருடம் கூட்டுறவுக் கடையின் ரொட்டி வேனை லிவோர்னோவின் சந்துகளில் ஓட்டியவள். ஒரு கீறல் கிடையாது. உழைக்கும் பெண்ணின் சம உரிமை பற்றி அத்தேயோ இருநூறு கூட்டங்களில் பேசியிருக்கிறார். ஒரு கூட்டத்திலும் வேன் சாவியைப் பற்றிப் பேசியதில்லை.

கப்பலில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"பாதித் தூரம் நான் ஓட்டுறேன்."

"பேச்சுவார்த்தைக்கே இடமில்லை."

"உன் கண்ணு சரியில்ல. போன வாரம் தெருமுனைத் தபால்பெட்டிக்கு வணக்கம் சொன்னே."

"தூரத்துல பார்த்தா நம்ம சங்கத்து ரெனாத்தோ மாதிரி இருந்துச்சு."

"ரெனாத்தோ சிவப்பாவா இருப்பான்?"

"ஒரு காலத்துல இருந்தான்."

"சரி, இப்படி வெச்சுக்கலாம்," என்றாள் ஒர்னெல்லா. "இந்தப் பயணத்துல உன் கண்ணு ஒரே ஒரு தடவை தப்பினாலும் சாவி எனக்கு. இந்தப் பயணத்துக்கு மட்டுமில்ல, எப்பவும். தப்பலைன்னா நான் இனிமே வாயே திறக்கல."

அவள் வாயே திறக்காத வாழ்க்கை ஒரு கணம் அத்தேயோவின் கண்முன் விரிந்தது. ஒப்பந்தம் எதையும் அவசரப்பட்டு ஏற்காதீர்கள் என்று மூவாயிரம் தொழிலாளிகளுக்குச் சொன்ன மனிதர், அவசரப்பட்டுக் கை கொடுத்தார்.

தீவின் தென்மேற்கு மூலையில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்க ஊர் ஒன்று இருந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு மாலை அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வீடுகளுக்குக் கூரை இல்லை. கதவு எண்கள் மட்டும் சுவரில் அப்படியே இருந்தன. கீழே கடல் தெரிந்தது. அலை புரள்வது தெரிந்தது. சத்தம் மட்டும் மேலே வரவில்லை.

"இங்க ஒரு பறவைகூட இல்ல, கவனிச்சியா?" என்றாள் ஒர்னெல்லா.

"சுரங்கம் மூடி எழுபது வருஷமாச்சு. பறவைக்கு இங்க என்ன வேலை?"

தாது பொறுக்கும் கொட்டகைக்கும் மலைச்சுவருக்கும் நடுவே, வேனை அளந்து வைத்த மாதிரி ஓர் இடம். ரிவர்ஸில்தான் நுழைக்க முடியும்.

"இறங்கிப் பின்னால நின்னு கை காட்டு."

குளிர்காற்றுக்குத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்க் கேனையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வலதுபக்கக் கண்ணாடியில் தலைத்துணி கட்டிய உருவம் தெரிந்தது. இரண்டு கைகளும் உயர்ந்தன. வரலாம், வரலாம். கொஞ்சம் இடது. வரலாம். பதற்றமில்லாத கை. பழகிய கை. அப்புறம் உள்ளங்கை நேராக நின்றது. அத்தேயோ பிரேக்கை மிதித்தார். இறங்கிப் பார்த்தால் வேனுக்கும் சுவருக்கும் நான்கு விரல் இடைவெளி.

மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒர்னெல்லா! பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான்டீ நீ ஒழுங்காக் கை காட்டினே!"

பின்னால் யாரும் இல்லை. முன்பக்கம், மேட்டிலிருந்து, நிறைந்த கேனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒர்னெல்லா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"என்ன கத்துறே? ஊற்றுக்குப் போயிருந்தேன். தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது."

"நீ... பின்னால நிக்கல?"

"நான் காட்டுறதை நீ என்னிக்குப் பார்த்திருக்கே? அதான் உருப்படியா ஒரு வேலை பார்த்துட்டு வரலாம்னு போனேன். ஏன், யாரையாவது பார்த்தியா?"

கப்பலில் கை கொடுத்த ஒப்பந்தம் அத்தேயோவுக்கு ஞாபகம் வந்தது.

"யாரையும் பார்க்கல."

"அப்ப ஏன் பாராட்டினே?"

"சும்மா. உற்சாகப்படுத்தலாம்னு."

"பதினோரு வருஷம் கழிச்சு. நன்றி, தோழரே."

மறுநாள் காலை ஆட்டு மந்தையோடு பக்கீசியோ என்றொரு மேய்ப்பன் வந்தான். ரிக்கோட்டா பாலாடையை ஒரு கூடையில் கொடுத்தான். வேன் நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"யாரு கை காட்டினாங்க?"

"யாரும் காட்டல," என்றாள் ஒர்னெல்லா. "இவரே நிறுத்தினாரு. இவரு கண்ணு அப்படி."

"தனியாவா? இந்தச் சந்துலயா?" மேய்ப்பன் தலையை ஆட்டினான். "சுரங்கம் ஓடின காலத்துல தாது வண்டிங்க இங்கதான் பின்னால வருமாம். கை காட்டுறதுக்குன்னே ஒரு பொம்பளை நிப்பாளாம். விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும். ஒரு நாள் நில்லுன்னு காட்டியிருக்கா. ஓட்டுனவன் பார்க்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அடுத்த நாள் வேற ஒருத்தியை நிறுத்தினாங்க. பாலாடையை இன்னிக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்குப் புளிச்சிடும்."

"குடும்பத்துக்கு நிவாரணம் ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார் அத்தேயோ.

பக்கீசியோ அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஆடுகளோடு போய்விட்டான். அத்தேயோ வேனின் பின்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கூடவே கோபமும் வந்தது. ஆவி என்று ஒன்று கிடையாது. இருபத்து மூன்று வயதிலேயே அதைப் பதினாறு பக்கத்தில் நிரூபித்து மூவாயிரம் பிரதி அச்சடித்தவர் அவர். ஆயிரத்து நூறு பிரதி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு வாதத்துக்கு ஆவி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், செத்த பிறகும் ஒரு பெண்ணுக்கு வேலைநேரம் முடிந்ததாக அறிவிக்காத நிர்வாகம் என்ன நிர்வாகம்?

மத்தியானம் மூடுபனி இறங்கியது.

"கதவைக் கடல் பக்கமாத் திருப்பி நிறுத்து," என்றாள் ஒர்னெல்லா. காபிக் கோப்பையோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். "பனி விலகினா ஒரு வாய் காபியாவது கடலைப் பார்த்துக் குடிக்கிறேன்."

அவர் வேனை முன்னால் எடுத்துத் திருப்பி, ரிவர்ஸ் போட்டார். இடதுபக்கக் கண்ணாடியில் பனி. பனிக்குள் தலைத்துணி. இந்தத் தடவை வரலாம் என்ற சைகை இல்லை. ஒரே ஓர் உள்ளங்கை, நேராக. அவள் ஓர் அடிகூட நடக்கவில்லை. ஆனால் அந்தக் கை கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிரேக். காபி முழுவதும் ஒர்னெல்லாவின் பாவாடையில்.

அத்தேயோ இறங்கிப் போய்ப் பார்த்தார். பின்சக்கரத்திலிருந்து ஒரு மீட்டரில், மக்கிப்போன வேலிக்கு அப்பால், சுரங்கக் குழி வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். வேலைநிறுத்தக் காலத்தில் நிர்வாகத்தின் பதிலுக்குக் காத்திருந்த மாதிரிக் காத்திருந்தார். அதே போல ஒன்றும் வரவில்லை.

"ஏன் பிரேக் போட்டே?"

"ஒரு பூனை."

"இந்த ஊர்லயா? என்ன பூனை?"

"கறுப்புப் பூனை."

"பகுத்தறிவுக்குக் குறுக்கே கறுப்புப் பூனை," என்றாள் ஒர்னெல்லா. பாவாடையைத் துடைத்துக்கொண்டே, முடி கலைந்திருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல இடதுபக்கக் கண்ணாடியை எட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஒர்னெல்லா ஒன்றும் பேசாமல் இருந்தால் அத்தேயோவுக்கு ஆவியை விட அதிகப் பயம்.

இரவெல்லாம் பெய்த மழை மூன்றாம் நாள் விடியும்போது ஓய்ந்திருந்தது. வண்டியைத் திருப்பும் இடத்தைச் சேறு மூடிவிட்டது. தார்ச்சாலைக்குப் போக ஒரே வழிதான். இருநூறு மீட்டர் ரிவர்ஸ். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஓடைப் பள்ளம்.

ஒர்னெல்லா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு பின்னால் போனாள். அத்தேயோ கிளட்சை மிதித்து, வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். தலைத்துணி கட்டியவள் கை காட்டினாள்: வரலாம். இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். தலைத்துணி கட்டியவள் கை காட்டினாள்: நில்.

மறுபடி வலது. வரலாம்.

மறுபடி இடது. நில்.

நாற்பத்து நான்கு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாராவது ஒருத்தி திட்டினால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேரும் திட்டவில்லை. அவர் எஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை இறக்கினார்கள்.

இறங்கிப் பார்த்தபோது ஒர்னெல்லா மட்டும் நின்றாள்.

"ஏன் அணைச்சிட்டே?"

"நீ எந்தப் பக்கம் நின்னே?"

"நடுவுல."

"நடுவுல நின்னா கண்ணாடியில தெரிய மாட்டியே!"

"தெரிய மாட்டேன்தான். அப்ப நீ பார்த்தது யாரை?"

"ரெண்டு பேரை," என்று அத்தேயோவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒர்னெல்லா இடுப்பில் கை வைத்தாள். "இங்க நான் ஒருத்திதானே இருக்கேன். கேளு தோழரே, ரெண்டுல ஒண்ணுதான். இந்த ஊர்ல ஆவி இருக்கு. இல்லைன்னா உன் கண்ணுல கோளாறு இருக்கு."

"கண்ணாடியில ஏதாவது கீறல்..."

அவள் தலைத்துணியை அவிழ்த்து இரண்டு கண்ணாடிகளையும் துடைத்துக் காட்டினாள். கீறல் இல்லை.

"சுரங்க வாயுவா இருக்கும். மூளையைக் கலக்கும்."

"வாயு வரலாம் வரலாம்னு கை காட்டுமா? ஆவின்னே ஒத்துக்கோயேன். உன் கண்ணு நல்ல கண்ணு, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். ஊருக்குப் போனதும் சங்கத்துப் பழைய ஆளுங்களுக்கு மட்டும் நானே சொல்லிடுறேன். அத்தேயோ ஆவியைப் பார்த்தாருன்னு. ரெனாத்தோவுக்கு முதல்ல சொல்றேன்."

அத்தேயோ மூன்றாவது வழி தேடினார். முதலாளிகள் இரண்டு வழி காட்டும்போதெல்லாம் மூன்றாவது வழி தேடிக் கண்டுபிடித்தவர். இன்று சுவரும் பள்ளமும்தான் இருந்தன.

"வாக்கெடுப்பு நடத்தலாம்," என்றார் பழக்கதோஷத்தில்.

"சாவி எனக்குன்னு சொல்றவங்க கை தூக்கலாம்," என்று ஒர்னெல்லா கை தூக்கினாள்.

"எதிர்ப்பவர்கள்," என்று அத்தேயோ கை தூக்கினார். "ஒண்ணுக்கு ஒண்ணு. ஒத்திவைக்கப்படுகிறது."

"ஏன் ஒத்திவைக்கணும்? கண்ணாடியில இருந்தவங்களையும் கேளு. அவங்களுக்கும் ஓட்டு உண்டுல்ல?"

அவருடைய முதுகுக்குப் பின்னால் பனி நகர்ந்தது. அங்கே ஒரு கை உயருகிறதா என்று திரும்பிப் பார்க்க அத்தேயோவுக்குத் துளியும் விருப்பமில்லை. சாவியை அவசரமாக எடுத்து நீட்டினார்.

"கண்ணுல கோளாறுதான்," என்றார் தலை நிமிர்ந்து. "அறிவியல்படி வேற முடிவுக்கு இடமில்லை."

மனதுக்குள் ஒரு பெருமை கூட வந்தது. அப்பா வைத்த பெயரைக் காப்பாற்ற ஸ்டியரிங்கைத் தியாகம் செய்திருக்கிறார். இப்படி ஒரு தியாகத்துக்கு ஊரில் கைதட்ட ஆள் இல்லை என்பது மட்டும்தான் குறை.

ஒர்னெல்லா இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அத்தேயோ பின்னால் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வண்டிக்குப் பின்னால்.

வலது தோளில் ஈரக்குளிர் அடித்தது. அவர் கை காட்டினார். வலது என்றார், வேன் இடது போனது. நில் என்றார், வேன் வந்தது. வா என்றார், நின்றது. "ஏய், பள்ளம்! பள்ளம்!" என்று கத்தினார். வேன் பள்ளத்தின் விளிம்பை ஒரு சாண் தள்ளியே வளைந்து, சுவரை உரசாமல், ஒரே ஓட்டமாக இருநூறு மீட்டரையும் கடந்து தார்ச்சாலையில் ஏறி நின்றது. அவர் பின்னோக்கி நடந்து நடந்து மூச்சு வாங்கினார்.

"நான் ஒண்ணு காட்டினா நீ ஒண்ணு போறே! இவ்வளவு நேரம் நான் கை காட்டினதை நீ பார்த்தியா இல்லையா?"

ஒர்னெல்லா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"உன்னை யாரு பார்த்தா? உன் வலது பக்கத்துல நிக்கிறாளே, அவ காட்டினபடிதான் வந்தேன். முதல் நாள்லேர்ந்து அவ எவ்வளவு ஒழுங்காக் காட்டுறா!"