கண்மூடியார் கண்ட ஆவி

காலை ஆறு மணிக்கே ஜெராக்ஸ் கடை மாடிப்படி நிரம்பி வழிந்தது. தேர்வு நெருங்குகிறதல்லவா! படிப்பில் மனம் நிற்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் இழுத்து வந்திருந்தார்கள். மாடியில் இருப்பவர் கண்மூடியார். கண்ணை மூடிக்கொண்டே வந்தவர் வீட்டுக் கதையைப் புட்டுப்புட்டு வைப்பார். கண்ணைத் திறப்பது தட்டில் விழுவதைப் பார்க்க மட்டும்.

"மனநோயெல்லாம் அந்நியச் சரக்கு. நம்ம ரத்தத்துலயே அது கிடையாது," என்பார். கூட்டம் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தும். பிறகு பேயோட்ட வரிசையில் நிற்கும்.

வரிசையில் ஒரு கல்லூரி மாணவி. மூன்று வாரமாகத் தூக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தால் அழுகை. கல்லூரியிலேயே மனநல ஆலோசகர் இருக்கிறார், பார்க்கட்டுமா என்று அவளே கேட்டாள்.

"நம்ம ஆளுங்க அதுக்கெல்லாம் போறதில்லடி," என்று அம்மா இங்கே கூட்டி வந்துவிட்டாள். கூடவே தையற்கடையில் வேலை செய்யும் அக்கா.

அம்மா டோக்கனைக் காட்டப் போன நேரம், பெஞ்சில் இருந்த ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். "என் பொண்ணும் இப்படித்தான். உங்க வீட்ல என்ன கண்ணு பிரச்சினை?"

அக்காவுக்கு அந்த முகம் ஞாபகம் இருந்தது. போன வாரம் டோக்கன் வாங்க வந்தபோதும் இதே பெஞ்சு, இதே அழுகை. அன்று மட்டும் பையனுக்காக.

"எங்க பெரியண்ணன் தண்ணில விழுந்து செத்துட்டான் ஆன்ட்டி. அதுலருந்துதான் இவ இப்படி."

தங்கை வாயைத் திறந்தாள். அக்கா அவள் காலை மிதித்தாள். பெஞ்சுப் பெண் கழிப்பறை தேடுவதுபோல் பின்கதவால் உள்ளே போனாள்.

முறை வந்தது. கண்மூடியார் உடம்பை உதறினார். "தண்ணி... தண்ணியில போன மூத்தவன்! தங்கச்சி தோள்மேல உக்காந்திருக்கான். அம்மா, உன் மகன் உன்னைக் கூப்பிடறான்!"

அம்மா திருதிருவென்று விழித்தாள். "எனக்கு ரெண்டும் பொண்ணு சாமி. மகனை எப்போ பெத்தேன்?"

"வெளிய அழற ஆன்ட்டிகிட்ட நான் விட்ட பொய்ம்மா அது," என்றாள் அக்கா, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி. "இல்லாத அண்ணன் உங்க ஞானக்கண்ணுல எப்படி சாமி வந்தான்?"

கண்மூடியார் கண்ணைத் திறந்தார். முழுசாக. பெஞ்சுப் பெண் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினாள். வரிசையில் ஒருவர் மட்டும், "பக்கத்து வீட்டு அண்ணனா இருக்குமோ?" என்றார். நம்பிக்கை அவ்வளவு லேசில் விடுமா?

தெருவில் அம்மா தயங்கினாள். "அந்தக் கவுன்சலிங் ரூமுக்குப் போறத யாராவது பார்த்துட்டா?"

"இங்க முந்நூறு பேர் பார்த்தாங்களேம்மா!"

அன்று மதியம் தங்கை அந்த அறையில் ஒரு மணி நேரம் பேசினாள். அம்மா வெளியே, கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பேய் பிடித்தவள் என்று மகளை ஊருக்கே காட்டலாம். தூக்கம் வராதவள் என்று ஒரே ஒருவரிடம் சொல்லக் கூடாதா? நம் மண்டைக்குள் இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்தவும் ஒரு சாமியார் உத்தரவு தர வேண்டுமோ?