இடிக்குப் பயந்து நான் பிடுங்கிய ஒயர்

இடி இடித்தால் எங்கள் ஊரில் முதலில் பிளக்கைப் பிடுங்குவோம். ஜெபம் அதற்கு அப்புறம்தான். இந்த நல்ல பழக்கம்தான் என் மானத்தை வாங்கியது.

மகன் துபாயில். வீட்டில் நானும் மருமகள் ஷீபாவும். அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு அஞ்சாங்கிளாஸ் படிப்பு. பேச்சு குறைவு. (சண்டை இல்லை. எனக்கு வெட்கம், அவளுக்கு மீட்டிங்.) குழம்பில் நானும் உப்புப் போடுவேன், தெரியாமல் அவளும் போடுவாள். இருவரும் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்தே சாப்பிட்டுவிடுவோம்.

ஐப்பசியில் ஒருநாள் மேசையில் இரண்டு தட்டைப் பெட்டிகளைக் கொண்டு வைத்தாள். நாகர்கோவிலில் ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஃபயர்வாலாம். கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையாமல் பார்க்கும் காவல்காரன்.

"காவலுக்கு எதுக்கு மக்கா ரெண்டு?"

"ஒண்ணு வேலை செய்யும் மாமி, மத்தது சும்மா இருக்கும். முதலாவது செத்தா ரெண்டாவது எந்திச்சுப் பாத்துக்கிடும்."

"செத்தது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

இரண்டையும் சேர்த்த ஒரு குட்டி ஒயரைத் தொட்டுக் காட்டினாள். "இது வழியா 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலேன்னா செத்தாச்சுன்னாக்கும் அர்த்தம்."

அன்று மத்தியானம் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியே பார்க்க, ஒன்று செத்தால் மற்றது எழும்புவதை அவள் நடத்திக் காட்டவேண்டும். அவர்களோடு பேசும் லைனும் இந்தப் பெட்டிகள் வழியாகத்தான். சரியாக வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டோடு. "மாமி, பெட்டிகிட்ட இருந்துகிடுங்க. பூனை வந்தா விரட்டுங்க" என்று எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே சுசீந்திரம் வயல்கள் மழை மூட்டத்தில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. பெட்டிகளில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. இருக்கியா... இருக்கேன்... இருக்கியா... இருக்கேன்... எனக்கு அது காதில் கேட்கவே ஆரம்பித்துவிட்டது. கண் சொக்கியது. பெட்டிகள் இரண்டும் வயல் தண்ணீரில் மிதந்து போயின. ஒன்றில் ஏறி நான் துபாய்க்கே போய்க்கொண்டிருந்தேன். (பூனை வந்திருந்தால் அதையும் ஏற்றியிருப்பேன்.)

டமார்! மருத்துவாழ்மலைப் பக்கம் இடி.

கண் திறக்கும் முன்னே கை பிளக்கில். ஐயோ, ஷீபாவின் வேலையாயிற்றே, அணைக்கலாமா? அப்போதுதான் என் மூளை விழித்தது. இடி ஒன்றில் விழுந்தால் குட்டி ஒயர் வழியாக மற்றதுக்கும் பாயுமே! ஒன்றாவது பிழைக்கட்டும். ஒயரைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய பெருமை.

"மாமீ!"

ஓடினேன். கம்ப்யூட்டரில் பெரிய மனிதர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார்கள். ஷீபாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மேலதிகாரி: "என்னம்மா, லைன் போச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். "எதையாவது தொட்டியளா மாமி?"

இடுப்பிலிருந்து ஒயரை எடுத்து நீட்டினேன். "இடி... ஒண்ணாவது பிழைக்கட்டும்னு..."

"போச்சு! மத்தது செத்துட்டுன்னு நெனச்சு ரெண்டும் நான்தான் பெரியவன்னு நிக்குது. நாம ரெண்டு பேரும் உப்புப் போடுத மாதிரி!"

அவளுக்கும் தெரியுமா! போன் இன்னும் ஸ்பீக்கரில் இருப்பதை நான் கைகாட்டுவதற்குள் அதற்குள்ளிருந்து மேலதிகாரியின் சிரிப்புச் சத்தம்.

"உங்க வீட்டுக்கு மட்டும் சாப்பிட வரமாட்டேன்மா. ஆஸ்பத்திரியில நடக்காம வீட்டுலயே நடந்துச்சே, நல்லது. இன்னொரு ஒயரும் சேத்துப் போடுங்க. சாயங்காலம் மறுபடி பாப்போம்."

சாயங்காலம் நானும் பூனையும் அடுக்களையில் அடைபட்டுக் கிடந்தோம். பெட்டிகள் ஒழுங்காக நடந்துகொண்டன. வேலையும் நிரந்தரமாயிற்று.

அதிலிருந்து குழம்பு கொதித்தால் உள்ளறையிலிருந்து குரல் வரும்: "மாமி, இருக்கியளா?"

"இருக்கேன் மக்கா. உப்புப் போட்டாச்சு."

போன லீவுக்கு மகன் வந்திருந்தான். அம்மாவுக்கு உதவுகிறேன் என்று அடுப்படியில் நின்றவன், யாரிடமும் கேட்காமல் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டான். ஒரு வாய் வைத்ததும் ஷீபா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தப் பெட்டிக்கு ஒயர் போட மறந்துட்டோமே மாமி!"